நிழலில் உலரும் வேஷ்டி

இன்று காலை கீழ் போர்ஷன் சுகன்யா மாடிப்படி ஏறி ஓடிவந்தாள். கையில் ஒரு வெள்ளைச் சட்டை. அவளுடைய பெண்ணின் யூனிஃபார்ம். நெஞ்சுக்கு நேரே உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு.

“மாமா, இங்க பாருங்களேன். சாம்பாரைக் கொட்டிட்டு வந்துட்டா. மஞ்சக் கறைதானேன்னு சோப்பு போட்டுத் தேய்ச்சேன். செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. நாளைக்குப் போட்டுக்கிட்டுப் போகணுமே, என்ன பண்றது?”

சட்டையை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அப்படித் தூக்கிப் பார்ப்பது உன் வழக்கம். என் கைக்கு அது எப்போது வந்து சேர்ந்தது என்று தெரியவில்லை. ஈரத் துணியின் வாடை, மலிவு சோப்பின் வாடை, நடுவில் அந்தச் சிவப்பு. தூக்கிய கையை இறக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுகன்யா என் முகத்தைப் பார்த்துவிட்டு, “போகாதா மாமா?” என்று இன்னும் பயந்துபோனாள்.

“போயிடும்மா, பயப்படாதே. மஞ்சளோட சண்டைக்குப் போகக் கூடாது. சோப்பு போக நல்ல ஜலத்துல அலசிட்டு, வெயில்ல போட்டுட்டு வேற வேலையைப் பாரு. சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் தானே கிளம்பிப் போயிடும்.”

வாய் என்னுடையது, வார்த்தை முழுக்க உன்னுடையது. அவள் நிம்மதியாக இறங்கிப் போனாள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதி எந்தத் தபால் பெட்டியில் போடப்போகிறீர்கள் என்று கேட்பாய். கேட்டுக்கொள். எனக்கு வேறு யாரிடம் பேச வாய் வருகிறது, சொல்.

கறை என்றால் உனக்கு ஒரு தனி உற்சாகம். மற்றவர்கள் முகத்தைச் சுளிக்கும் இடத்தில் நீ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்காருவாய். திருவெள்ளறையிலிருந்து என்னைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு வந்தவளை, வந்த வருஷமே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பட்டுப் புடவையில் எண்ணெய் கொட்டிக்கொண்டவர்கள், பையன் சட்டையில் இங்க்கைக் கண்டு அழுதவர்கள், எல்லோரும் நம் வாசலுக்குத்தான் வந்தார்கள். நீயும் ஜோசியர் ஜாதகம் பார்ப்பதுபோல் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பலன் சொல்வாய். “ரத்தம்னா பச்சை ஜலம். வெந்நீர் விட்டேளோ, உறைஞ்சு உக்காந்துடும். துருவுன்னா எலுமிச்சம்பழமும் உப்பும். வாழைக்காய்க் கறையா? அதுக்கு என்கிட்ட வராதீங்கோ, பெருமாள்கிட்டப் போங்கோ.”

நான் ரயில்வே ஆபீஸில் நாள் முழுக்க ஃபைல்களைப் புரட்டிவிட்டு வந்தால், வாசலில் எவளாவது ஒரு பெண் உன் முன்னால் துணியை விரித்துக்கொண்டு நிற்பாள். எனக்குக் காபி தாமதமாகும். “ஊர்க் கறையெல்லாம் போக்கறே, என் தாகத்தை யார் போக்கறது?” என்று கத்துவேன். “உங்க சட்டைக் காலர் அழுக்கையும் நான்தானே போக்கறேன், சித்த பொறுங்கோ” என்பாய். குழந்தை இல்லாத வீட்டில் இப்படித்தான் சத்தம் வேண்டியிருந்தது நமக்கு. இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டு நன்றாகவே இருந்தோம்.

உன்னால் ஜெயிக்க முடியாத கறை ஒன்றே ஒன்றுதான். அதை நான் தினமும் உனக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். குளித்துவிட்டு வந்து உள்ளங்கையில் மஞ்சள்பொடியில் செய்த ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்துத் திருமண்ணுக்கு நடுவே இட்டுக்கொள்ளும்போது, கண்ணாடியைப் பார்ப்பேனே தவிர கையைப் பார்க்க மாட்டேன். ஒரு சொட்டு வேஷ்டியில் விழுந்துவிடும். மடியில், எப்போதும் ஏறக்குறைய அதே இடத்தில். நீ பார்த்ததும் ஆரம்பிப்பாய். “மனுஷாளுக்கெல்லாம் உடம்புல பன்னிரண்டு திருமண். உங்களுக்கு மட்டும் வேஷ்டியோட சேர்த்துப் பதிமூணு.” நானும் விட மாட்டேன். “பெருமாளுக்கு நெத்தியில, உனக்கு வேஷ்டியில. ஆளுக்கொண்ணு.” “போறுமே சாமர்த்தியம். அவிழ்த்துப் போடுங்கோ.” சோப்பே போடாமல் அலசி, மொட்டை மாடியில் வெயில் விழும் மூலையில் அந்த இடம் மேலே தெரியும்படி விரித்துப் போடுவாய். சாயங்காலம் மடிக்கும்போது சுத்தமாக இருக்கும். மறுநாள் காலை மறுபடியும் விழும்.

துணி பிழிவதில் மட்டும் என்னை நீ சேர்த்துக்கொள்ளவே இல்லை. உதவி செய்கிறேன் என்று நான் பிழிந்து வைத்ததை என் கண்ணெதிரே எடுத்து இன்னொரு முறை முறுக்குவாய். அதிலிருந்து கொடகொடவென்று தண்ணீர் கொட்டும். “நீங்க பிழிஞ்சதைக் கொடியில போட்டா தெருவே குடையைப் பிடிச்சுண்டு போகணும்” என்பாய். எனக்குக் கோபம் வரும். ஆனால் பொய் சொல்லவில்லை நீ.

முதலில் வந்தது நீலம்தான். ஒரு நாள் மாடிக்குப் போனால், என் வேஷ்டிகள் எல்லாம் ஆகாச நிறத்தில் தொங்குகின்றன. சொட்டு நீலம் போட்டதையே மறந்து மறந்து திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். அதையே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். உடன் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர், “என்ன ஓய், கிருஷ்ணாவதாரமா?” என்று கேட்டார். வந்து உன்னிடம் சொன்னேன். இருவரும் மறுபடியும் சிரித்தோம். அன்றைக்கு அது வெறும் வேடிக்கை. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் புத்தியில் உறைக்கவில்லை.

அப்புறம் இல்லாத கறைகள் வர ஆரம்பித்தன. துவைத்து மடித்து பீரோவில் வைத்ததை எடுத்துக்கொண்டு வருவாய். “இங்க பாருங்கோ, கறை.” எனக்கு ஒன்றும் தெரியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பேன். வெள்ளைத் துணி, வெள்ளையாகத்தான் இருக்கும். “எங்கேடி?” என்றால், “இதோ, இதோ” என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டுவாய். தொட்ட இடத்தையே தேய்த்துத் தேய்த்து நூல் பிரிந்து துணி கிழிந்துபோகும். கிழிந்த ஓட்டை வழியே உன் விரல் வெளியே வரும். அப்போதும், “இன்னும் போகலை” என்பாய்.

தில்லைநகரில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பாவம், பொறுமையான மனுஷர். உன்னை உட்கார வைத்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நீ அவருடைய வெள்ளைக் கோட்டின் பாக்கெட்டில் இருந்த பேனா மைக் கறையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். “இதுக்குத் தயிர் போடணும்” என்று அவரிடம் சொன்னாய். அவர் சிரித்தார். உன்னை வெளியே நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு என்னிடம், “மருந்து தரேன் சார். ஆனா போனதை அது திருப்பிக் கொண்டுவராது. மெள்ள மெள்ள மனுஷங்களையும் மறந்துடுவாங்க. மனசைத் திடப்படுத்திக்குங்க” என்றார். பஸ்ஸில் வரும்போது, காவேரிப் பாலத்தில் நீ ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்துவிட்டு, “இன்னிக்கு ஜலம் தெளிஞ்சிருக்கு, துணி தோய்க்கலாம்” என்றாய். ஊரெல்லாம் மறந்துபோகட்டும், என்னை மட்டும் விட்டுவை என்று நான் அப்போது வேண்டிக்கொண்டேன். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சித்திரை மாதம், கத்திரி வெயில் தொடங்குவதற்கு முன்னால் ஒரு முற்பகல். வாழை இலையும் காய்கறியும் வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குத் திரும்பினேன். வாசலிலேயே கேட்டது, கொல்லைக் குழாய் முழு வேகத்தில் ஓடுகிற சத்தம். பையைப் போட்டுவிட்டு ஓடினேன். நீ துவைக்கிற கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாய். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. கையில் நான் காலையில் அவிழ்த்துப்போட்ட மயில்கண் கரை வேஷ்டி. அதில் சோப்பைத் தேய்த்திருந்தாய். என்னுடைய மஞ்சள் சொட்டு, ரத்தமாகச் சிவந்து பரவியிருந்தது.

நீ வாளி வாளியாகப் பச்சைத் தண்ணீரை மொண்டு அதன்மேல் விட்டுக்கொண்டிருந்தாய். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர். அந்தப் பாடம் மட்டும் உன் கைக்கு மறக்கவில்லை. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும், அது ரத்தம் இல்லை, பயப்படாதே என்று புதிதாகக் கல்யாணமாகி வந்த எத்தனை பெண்களுக்கு நீ சொல்லியிருப்பாய். அந்தச் சிவப்பைக் கண்டு நீயே நடுங்கிக்கொண்டு நின்றாய்.

“இத்தனை ரத்தம். அவருக்கு என்னமோ ஆயிடுத்து. எங்கேயோ விழுந்துட்டார்” என்று அழுதாய்.

“அடி, நான் இதோ இருக்கேன். எனக்கு ஒண்ணும் ஆகலை. இது ஸ்ரீசூர்ணம்டி.”

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நெற்றியிலிருந்து கால்வரை பார்த்தாய். தெரியாத ஆள் ஒருவர் கொல்லைப்புறம் வரை வந்துவிட்டால் ஒரு பெண்பிள்ளை எப்படிப் பார்ப்பாளோ, அப்படி. நனைந்த தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாய்.

“நீங்க யாரு? ஆத்துல அவர் இல்லை.”

குழாயை மூடக்கூட எனக்குக் கை வரவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து நான் இந்த வீட்டுக்கு வந்துபோகிற ஆள். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், நீ என்னை ஒருநாளும் விரட்டவில்லை. யார் வந்தாலும் நாலு நல்ல வார்த்தை சொல்கிற குணம் உனக்குக் கடைசிவரை போகவில்லை. துணி எடுத்துப்போக வந்த இஸ்திரிக்காரர் என்று நீயாகவே முடிவு பண்ணிக்கொண்டாய். “வாங்கோ, சித்த உக்காருங்கோ. வெயில்ல வந்திருக்கேள், ஜலம் வேணுமா?” என்பாய். உட்காருவேன். என் வீட்டில், என் நாற்காலியில், வந்த விருந்தாளியாக உட்காருவேன். நீ மூட்டை கட்டிக் கொடுக்கிற துணியை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை போவேன். அங்கே வேப்பமரத்தடியில் நிஜமான இஸ்திரிக்காரர் தன் தள்ளுவண்டியில் தேய்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு எல்லாம் தெரியும். “நில்லுங்க சாமி, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க, உடனே போனா அம்மா சந்தேகப்படுவாங்க” என்று எனக்கு ஸ்டூலைப் போடுவார். கொஞ்ச நேரம் கழித்துத் தேய்த்த துணியோடு என் வீட்டுக் கதவைத் தட்டுவேன்.

“அவர் இன்னும் வரலை” என்று நீ சொல்வாய். “எங்கே போனாரோ, சொல்லிட்டுப் போற வழக்கம்தான். சாயங்காலத்துக்குள்ள வந்துடுவார்.”

“வந்துடுவார் மாமி” என்பேன்.  நான்தான் என்று சொன்னபோதெல்லாம் நீ பயந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். உன்னைப் பயமுறுத்துவதைவிட இஸ்திரிக்காரனாக இருப்பது எனக்குத் தேவலையாக இருந்தது.

எல்லாத் துணியையும் கொடுப்பாய், அந்த மயில்கண் வேஷ்டியை மட்டும் தரமாட்டாய். சிவந்த இடம் வெளியே தெரியாமல் உள்பக்கமாக மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டிருப்பாய். “இது வேண்டாம். இதுல அவர் ரத்தம் இருக்கு” என்பாய். தூங்கும்போதும் அது உன் தலைமாட்டில். சில நேரம் அதை முகத்தில் வைத்துக்கொண்டு மெதுவாக அழுவாய். நான் பக்கத்தில் இருப்பேன். எனக்காக நீ அழுகிறாய், உன்னைத் தேற்ற என்னால் முடியவில்லை. அந்த மாதிரி ஒரு கஷ்டம் எதிரிக்கும் வரக்கூடாது.

பிறகுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. உன் பயமெல்லாம் அந்தச் சிவப்பில் இருக்கிறது. சிவப்பைப் போக்கிவிட்டால் பயம் போகும், பயம் போனால் என் முகம் உனக்குத் தெரியும். சின்னப்பிள்ளைக் கணக்குத்தான். எனக்கு வேறு கணக்கு ஏது? ஒரு மத்தியானம் நீ அசந்து தூங்கும்போது வேஷ்டியை மெள்ள உருவிக்கொண்டு, அதே தினுசில் இன்னொரு பழைய வேஷ்டியை அதே மாதிரி உள்பக்கமாக மடித்து உன் கையில் வைத்தேன்; நீ அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கொல்லையில் உட்கார்ந்து நல்ல தண்ணீரில் அலசினேன். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து விட்டேன். நீ சொல்லி வைத்தபடியே சிவப்பு மங்கி மஞ்சளாக இறங்கியது. மொட்டை மாடியில் வெயில் மூலையில், கறை மேலே தெரியும்படி விரித்துப் போட்டேன். தரை காலைச் சுட்டது. காற்றில் பறக்காமல் நான்கு பக்கமும் செங்கல் வைத்தேன்.

ஒரு நாளில் போகவில்லை. நீ தேய்த்த தேய்ப்பில் நூலுக்குள் இறங்கியிருந்தது. தினமும் நனைத்தேன், தினமும் போட்டேன். வெயில் தெருவைக் காய்ச்சுகிற வேளையில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும், நான் மாடியில் ஒரு வேஷ்டிக்குக் காவல் நிற்பேன். இன்று கொஞ்சம் வெளுத்திருக்கிறது, நாளைக்கு இன்னும் வெளுக்கும் என்று ஆசை வளர்ந்துகொண்டே போனது. பாழாய்ப்போன ஆசை. ஒரு சாயங்காலம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கே கறை இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாள் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, கையிலிருந்து எதுவும் சொட்டாமல் ஜாக்கிரதையாகத் துடைத்துக்கொண்டு, அந்த வேஷ்டியையே கட்டிக்கொண்டு உன் முன்னால் வந்து நின்றேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.

“பாரு. கறை போயிடுத்து. ரத்தமெல்லாம் இல்லை. அவருக்கு ஒண்ணும் ஆகலை.”

நீ எழுந்து வந்தாய். வேஷ்டியின் நுனியைப் பிடித்து, விரலால் நெருடி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாய். அந்த நிமிஷம் உன் முகம் பழைய முகமாக இருந்தது. தெருவுக்கே பலன் சொன்ன முகம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

“நன்னா வெளுத்திருக்கேள்” என்றாய். “வெயில்ல போட்டேளா?”

“ஆமாம். நீ சொல்லித்தந்தபடிதான்.”

நீ மறுபடியும் பார்த்தாய். மடிப் பக்கத்தைத் தடவித் தேடினாய். பிறகு நுனியை விட்டுவிட்டாய்.

“ஆனா இது அவரோடது இல்லை. அவரோட வேஷ்டியில இந்த இடத்துல ஒரு மஞ்சப் பொட்டு இருக்கும். எத்தனை தோய்ச்சாலும் மறுநாள் வந்துடும். இதுல ஒண்ணுமே இல்லையே.”

நான் பெருமாள் இருக்கிற பூஜை உள்ளுக்கு ஓடினேன். ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்து, மடியில் அதே இடத்தில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்து நின்றேன். மூச்சு வாங்கியது. “இப்ப பாரு. இப்ப பாரேன்.”

நீ பார்த்தாய். “ச்சு” கொட்டினாய். உன் கண்ணில் என்மேல் அத்தனை பரிதாபம்.

“கட்டிண்டிருக்கற வேஷ்டியில போய் இப்படிக் கறை பண்ணிண்டுட்டேளே. உங்காத்து மாமி திட்டமாட்டாளோ?”

  “திட்டுவா” என்று மட்டும் சொன்னேன். நீ அனுதாபமாகத் தலையை ஆட்டிவிட்டு, போய் உன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாய்.

அந்த வேஷ்டிக்காக அதற்குப் பிறகு நீ அழவில்லை. கேட்கவும் இல்லை. அழுகை நின்றதே என்று பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட்டார்கள். எனக்குத்தான் தெரியும், அந்த அழுகையில் கொஞ்சம் நான் இருந்தேன். வெயிலில் போட்டு வெளுத்தெடுத்தது அதைத்தான். மருத்துவம் தெரியாதவன் செய்த வைத்தியம்.

ஆவணியில் ஜுரம் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. படுத்த படுக்கையானாய். கடைசியாக நீ தெளிவாகப் பேசினது என்னிடம்தான், ஆனால் எனக்காக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து உன் கையைப் பிடித்திருந்தேன். “சிரமம் பார்க்காம ஒண்ணு பண்ணுங்கோ” என்றாய். “அவர் வந்தா, வேஷ்டி மேல் கொடியில இருக்குன்னு சொல்லிடுங்கோ. அவருக்கு எடுத்துக்கத் தெரியாது.” சொல்கிறேன் என்றேன். உன் கையை நான் விடவில்லை. இஸ்திரிக்காரர் எதற்குக் கையைப் பிடித்திருக்கிறார் என்று உனக்குத் தோன்றியதோ என்னவோ, நீயும் இழுத்துக்கொள்ளவில்லை. அது ஒன்றைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

உனக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, குங்குமம் வைத்து, அரக்குப் புடவை வேண்டாம், வெளிர் நிறப் புடவைதான் உனக்குப் பிடிக்கும் என்று நான் சொன்னதையே கட்டினார்கள். வந்தவர்கள் எல்லாம், “புண்ணியவதி, சுமங்கலியாப் போயிட்டா” என்று விழுந்து சேவித்தார்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரிந்தது. யார் சுமங்கலி? புருஷன் வெளியே போனவன் திரும்பி வரவில்லை என்று காத்திருந்து காத்திருந்து போனவள் நீ. அந்தப் புருஷன் உன் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தான். இதை யாரிடம் சொல்லி அழ?

பிள்ளை இல்லாததால் காரியம் என் கையில். காவேரிக்கரையில் அம்மாமண்டபத்துப் பக்கம், போன உயிர் வந்து தங்குவதற்கென்று கல் ஊன்றினார்கள். நீ கட்டியிருந்த புடவையிலிருந்து கிழித்த ஒரு துண்டை மடித்து, தண்ணீரில் நனைத்து, பத்து நாளும் அந்தக் கல்லின்மேல் பிழிய வேண்டும். போனவர்களுக்குத் தாகமும் தாபமும் அதிகமாம், அவர்களுடைய துணியிலிருந்து விழுகிற தண்ணீர்தான் அதைத் தீர்க்குமாம். காரியம் பண்ணி வைக்கிற வாத்தியார் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பார்த்தாயா வம்பை? என் பிழிதலை நம்பியா உன் தாகம் இருக்க வேண்டும்?

பிழிந்தேன். தோள்பட்டை வலிக்க முறுக்கினேன். ஒரு சொட்டு அதில் தங்கினாலும் அது உனக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்று பயம். வாத்தியார், “போறும் மாமா, துணி கிழிஞ்சுடப்போறது” என்றார். போதாது என்று எனக்குத் தெரியும். நீ வந்து வாங்கி இன்னொரு முறுக்கு முறுக்கியிருந்தால் இன்னும் ஒரு கை தண்ணீர் வந்திருக்கும். அந்த ஒரு கை தண்ணீருக்கு நீ இன்னும் காத்திருக்கிறாயோ என்று இப்போதும் சில வேளை தோன்றுகிறது.

முதல் நாள் அந்தத் துண்டு முழுக்க உன் மஞ்சள். பிழிந்தால் கல்லின்மேல் மஞ்சள் தண்ணீர் ஓடும். பிழிந்ததை மண்டபத்துச் சுவரில் போட்டு வைப்போம், மறுநாள் அதையே எடுத்து நனைப்போம். சுவரில் நல்ல வெயில். எனக்கு உறைக்கவே இல்லை பார். நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தது. பத்தாம் நாள் நான் கையில் எடுத்தபோது வெறும் வெளுத்த துணி. உன் உடம்பில் பூசியது, இந்த உலகத்தில் மிச்சம் இருந்தது அவ்வளவுதான், அதையும் வெயில் சத்தமில்லாமல் தின்றுவிட்டது. அந்தத் துண்டைக் காவேரியில் விட்டேன். அந்த வருஷம் கணுக்கால் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது கொஞ்ச தூரம் போய் ஒரு கல்லில் சிக்கிக்கொண்டு நின்றது. தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை, வாத்தியார்தான் இறங்கிப் போய்த் தள்ளிவிட்டார்.

இதெல்லாம் நடந்து எவ்வளவோ ஆயிற்று. கீழ் போர்ஷனைச் சுகன்யாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு நான் மாடிக்கு வந்துவிட்டேன். எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், திருமண் இட்டுக்கொள்கிறேன், வாயில் எதையோ போட்டுக்கொள்கிறேன். நாள் விடிந்து என்ன, அடைந்து என்ன. காலம் ஆற்றும் என்று ஊரில் ஆளாளுக்குச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் ஆறவில்லை. நீ போனதுகூட இல்லை, போகும்போது நான் யார் என்று தெரியாமல் போனாயே, அது. வாழைக்காய்க் கறை என்பாயே, அந்த ரகம். அதற்கு மருந்து கிடையாது என்று நீயே சொல்லிவிட்டாய்.

மத்தியானம் சுகன்யா மறுபடியும் மேலே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. “மாமா, நீங்க சொன்ன மாதிரியே சிவப்பு போயிடுச்சு. மஞ்சளும் பாதி மங்கிடுச்சு. சாயங்காலத்துக்குள்ள போயிடும்போல.” சட்டென்று அவள் கண் என் மடிக்கு வந்தது. “அட, உங்க வேஷ்டியிலயும் மஞ்சக் கறை இருக்கே. அவுத்துக் குடுங்க மாமா. அதையும் அலசி வெயில்ல போட்டுடறேன். மேல அவ்வளவு வெயில் வீணாப் போகுது.”

“வேண்டாம்மா.”

“இதுல என்ன மாமா இருக்கு, எனக்கு ஒரு வேலையா?”

“வேண்டாம். இருக்கட்டும்.”

அவள் ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். வயசானவருக்குப் பிடிவாதம் என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. இப்போதெல்லாம் காலையில் ஸ்ரீசூர்ணத்தைக் குழைக்கும்போது நான் கண்ணாடியைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்க்கிறேன். சொட்டு தானாக விழாவிட்டால் விழ வைக்கிறேன். மடியில், அதே இடத்தில். துணிகளை நானே அலசுகிறேன். பிழிகிறேன், நீ இருந்தால் சிரிக்கிற மாதிரிதான். ஆனால் மொட்டை மாடிக்குக் கொண்டுபோவதில்லை. மஞ்சள் வெயிலில் போய்விடும் என்று சொன்னவள் நீ. அதனால் உள் அறையில், ஜன்னலைச் சாத்திவிட்டு, குறுக்கே ஒரு கொடி கட்டி நிழலில் உலர்த்துகிறேன். சொட்டச் சொட்டத் தொங்குகிறது. உலர நேரமாகிறது, கொஞ்சம் முடை நாற்றம்கூட அடிக்கிறது. பரவாயில்லை.

எல்லா வேஷ்டியிலும் கறை இருக்கிறது. பீரோவைத் திறந்து பார், ஒன்று பாக்கியில்லை. நீ தேடின அடையாளத்தோடு காலையிலிருந்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நீ சொன்னாயே, உங்காத்து மாமி திட்டுவாள் என்று. இன்றைக்கும் அவள் திட்டவில்லை.